கார்ல்டன் இழுக்கிறான்

1999 ஜனவரி 11, திங்கள்

டெப்ட்ஃபோர்டில் ரயில் பாலத்துக்குக் கீழே உள்ள அறையில் இன்று ஒத்திகை தொடங்கியது. ஹீற்றர் வேலை செய்யவில்லை. ஏட்ரியன் விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு கீபோர்ட் வாசித்தான். தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் பெவர்லி பாட்டை நிறுத்தி, சத்தம் ஓய்ந்த பிறகு விட்ட இடத்தில் எடுத்தாள். நிறுத்தின இடம் அவளுக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை. எனக்குத்தான் தவறியது. குளிரில் விரல்கள் மரத்துவிட்டன.

ஐந்து வருடத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒரு புது அல்பம் வரப்போகிறது. இங்கிலாந்தில் யாரும் கேட்கவில்லை. ஒசாகாவில் ஒரு சின்ன கம்பனி கேட்டிருக்கிறது. பெப்ரவரியில் இங்கே சில ஊர்களில் வாசிக்கிறோம். மாதக் கடைசியில் பிரிஸ்டல் நிகழ்ச்சிக்கு அந்தக் கம்பனியின் ஆள் வந்து கேட்பார். பிடித்தால் ஏப்ரலில் ஜப்பான் முழுக்கப் பயணம். பிடிக்காவிட்டால் என்ன என்று ஏட்ரியன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கார்ல்டனின் ட்ரம்ஸ் இன்று கொஞ்சம் இழுத்தது. அதாவது தாளம் இருக்கவேண்டிய இடத்துக்குப் பின்னால் விழுந்தது. குளிர்தான் காரணமாக இருக்கும்.

இந்தக் குறிப்புகளை நான் தமிழில் எழுதுவதற்கு ஒரு வசதி உண்டு. குழுவின் வான் வண்டியில் பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்தாலும் விளங்காது. அவர்கள் இங்கிலிஷில் பேசுவதையும் என் காதில் விழுகிற தமிழில்தான் எழுதுகிறேன். கார்ல்டன் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் ‘மேட்’ என்ற சொல்லுக்கு ‘மச்சான்’ என்பதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது.

ஜனவரி 15, வெள்ளி

மறுபடியும் இழுத்தான். ‘சண்டே டிக்கெட்’ பாட்டின் இரண்டாம் சரணத்தில், என் பேஸ் கிற்றார் மேலே ஏறி இறங்கும் அந்த இடத்தில். நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் என் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேஸ் கிற்றாருக்குப் புதுத் தந்தி போட்டேன். இந்த முறை வாங்கியது மோசமான தந்தி, அழுத்தினால் இரைகிறது.

ஜனவரி 24, ஞாயிறு

மனைவி வதனாவோடு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். மரக்கறிப் பக்கம், கோவா அடுக்கியிருந்த இடத்தில் நிற்கும்போது மேலே ஸ்பீக்கரில் ‘சண்டே டிக்கெட்’ போனது. 1991இல் அந்தப் பாட்டுக்காக நாங்கள் தொலைக்காட்சியில் தோன்றினோம். வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு நின்றோம். இப்போது அது கோவாவுக்கு மேலே போகிறது.

வதனா நின்று கேட்டாள். “அப்ப நல்ல வேகமா வாசிச்சிருக்கிறியள் என்னப்பா” என்றாள்.

“ரெக்கோடிங்கில அப்பிடித்தான் கேக்கும்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்துத் தந்தாள். தலைவழியாகப் போடுவது. பொத்தான் வைத்த சட்டைகளை மடித்து அலுமாரியில் மேல் தட்டில் வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, பயணத்துக்கு இதுதான் சூடு என்றாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள்.

பெப்ரவரி 3, புதன், நொரிச்

மத்தியானம் உள்ளூர் வானொலியில் பேட்டி. ஏட்ரியனும் நானும் போனோம். பேட்டி எடுத்தவர் எங்கள் இசைத்தட்டின் உறையைப் பார்த்து ‘அசிட் ஜாஸ்’ என்றால் என்ன என்று கேட்டார். ஏட்ரியன் பதினொரு வருடமாகச் சொல்லும் பதிலைச் சொன்னான். “ஜாஸ் கேக்கிறவை எழும்பி ஆடவேணும், ஆட வந்தவை கொஞ்சம் நிண்டு கேக்கவேணும். அவ்வளவுதான்.”

பெயர் எப்படி வந்தது என்றும் கேட்டார். அதை நான் சொன்னேன். 1988இல் எங்களிடம் வாகனம் இல்லை. ட்ரம்ஸ், பேஸ், கீபோர்ட் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு டபிள்டெக்கர் பஸ்ஸில் போவோம். இந்தச் சாமான்களோடு மேல் தட்டுக்கு ஏறக்கூடாது என்று கண்டக்டர் கீழேயே இருத்திவிடுவார். அதனால் ‘லோவர் டெக்’.

பிறகு அவர், “இவ்வளவு காலமும் எங்க போயிருந்தனீங்கள்?” என்று கேட்டார். ஏட்ரியன் சிரித்தான். நாங்கள் எங்கும் போகவில்லை. ஒரு பாட்டு எல்லா இடமும் போனது, டோக்கியோவில் மண்டபங்கள் நிறைந்தன. பிறகு இங்கே எல்லோரும் கிற்றார் குழுக்களைக் கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் கம்பனி எங்களை விட்டது, முதல் பாடகி எங்களை விட்டாள். பெவர்லி வந்தாள். கலியாணங்களுக்கு வாசித்தோம். டிசம்பரில் ஒரு வங்கியின் நத்தார் விருந்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு வாசித்தோம். இதையெல்லாம் வானொலியில் சொல்ல முடியாது. “புது அல்பம் செய்துகொண்டிருந்தம்” என்றான் ஏட்ரியன்.

பெப்ரவரி 4, வியாழன்

நேற்று நொரிச்சில் பாதி மண்டபம். வேகப் பாட்டுகள் எல்லாமே கனத்துப்போயின. ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு நடப்பது போல இருந்தது. கார்ல்டன் வேர்த்துக் கொட்டினான், ஆனாலும் தாளம் பின்னால்தான்.

காலையில் நெடுஞ்சாலை ஓரம் வானை நிறுத்தித் தேநீர் குடித்தோம். என் கையிலிருந்த கோப்பை கவிழ்ந்து பெவர்லியின் கால் சப்பாத்தில் கொட்டியது. வான் குலுங்கிவிட்டது என்றேன். வான் நின்றுகொண்டிருந்தது என்பது உண்மைதான், ஆனால் பக்கத்தில் பெரிய லொறி ஒன்று போனது.

“நேஸ், உனக்குச் சுகமில்லையோ?” என்று கேட்டாள் பெவர்லி. குகநேசன் என்ற பெயரில் இவர்களுக்கு வாய்த்தது அந்த நடுத்துண்டு மட்டும்தான்.

“நித்திரை காணாது” என்றேன்.

“எனக்கு முந்தி ஒரு மூச்சில பாடின வரியை இப்ப ரெண்டு மூச்சில பாடவேண்டிக் கிடக்கு. பாட்டு அவ்வளவு மெதுவாப் போகுது. என்ன நடக்குதெண்டே தெரியேல்ல” என்றாள்.

நான் கார்ல்டனைப் பார்த்தேன். அவன் வானின் மறுபக்கம் நின்று தன் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். எங்கள் பேச்சு கேட்காததுபோல இருந்தான்.

பெப்ரவரி 6, சனி, லெஸ்டர்

இங்கே கொஞ்சம் தமிழர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் என் கையைக் குலுக்கி, ஊரில் நீங்கள் கொக்குவிலோ என்றார். மானிப்பாய் என்றேன். “எங்கட பெடியன் வெள்ளைக்காரரோட மேடையில நிக்கிறான் எண்டு மனிசிக்குக் காட்ட வந்தனான்” என்றார். எனக்கு முப்பத்தெட்டு வயது. பெடியன் என்று சொன்னது சந்தோஷமாக இருந்தது.

பேஸ் வரிகளைக் கொஞ்சம் குறைத்துவிட்டேன். ஐந்து சுரம் இருந்த இடத்தில் மூன்று. வயது போகப் போகக் குறைவாக வாசிப்பதுதான் அழகு என்று விளங்குகிறது.

பெப்ரவரி 9, செவ்வாய், லீட்ஸ்

மாலை நான்கு மணிக்கு ஒலிச் சோதனை முடிந்தது. கார்ல்டன் வீட்டுக்குத் தொலைபேச வெளியே போனான். ஏட்ரியன் என்னையும் பெவர்லியையும் மேடைக்குப் பின்னால் கூப்பிட்டான். ஊர் ஊராகத் தான் பதிவுசெய்த கசெட்டுகளை எல்லாம் அவன் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு ஊரிலும் வேகம் குறைந்துகொண்டே போகிறதாம்.

“பிரிஸ்டலுக்கு இப்பிடிப் போனா எல்லாம் முடிஞ்சுது. எனக்குச் சொல்ல விருப்பமில்லை. ஆனா ட்ரம்ஸுக்கு வேற ஆளைப் பாக்கவேணும்” என்றான். பிறகு என்னிடம் திரும்பினான். “நீயும் அவனும் பள்ளிக்கூடத்தில இருந்து ஒண்டா வாசிக்கிறீங்கள். பேஸும் ட்ரம்ஸும் புருஷன் பெண்சாதி மாதிரி. உனக்குத்தான் தெரியும். சொல்லு. அவனோ?”

கார்ல்டனுடைய அம்மா செய்த மீன்பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். லண்டனுக்கு வந்த முதல் வருடம், பள்ளிக்கூடத்தில் என் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் இரண்டு பேரின் மூக்கை உடைத்தவன் அவன். ஆனால் தாளம் தாளம்தான்.

“ஓம். அவன் இழுக்கிறான்” என்றேன்.

பெவர்லி எழுந்து போனாள்.

பெப்ரவரி 10, புதன்

ஹோட்டலில் காலைச் சாப்பாட்டின்போது ஏட்ரியன் சொல்லிவிட்டான். நல்ல முறையில்தான் சொன்னான். கொஞ்ச நாள் ஓய்வு, பிரிஸ்டலுக்கு மட்டும் வேறு ஆள், பிறகு பார்க்கலாம் என்று. கார்ல்டன் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டே கேட்டான். பூசி முடிந்ததும் கத்தியை வைத்தான்.

“எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறீங்களோ?”

பெவர்லி கோப்பையைப் பார்த்தபடி, “என்னவோ சரியில்லை எண்டு மட்டும் எனக்குத் தெரியும். என்னெண்டு தெரியாது” என்றாள்.

“நேஸ்?”

“கொஞ்ச நாளா நீ இழுக்கிறாய், மச்சான்.”

கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கோபப்படவில்லை. என்னையே பார்த்தான். தெரியாத பாஷையில் பேசும் ஒருவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“உனக்கு உண்மையா அப்பிடித்தான் கேக்குதோ?”

“ஓம்.”

“சரி” என்றான். பாணை இரண்டாக மடித்து முழுவதையும் சாப்பிட்டான். அவன் சாப்பிட்டு முடியும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

பிறகு தன் சிம்பல் தட்டுகள் உள்ள பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டான். நான் வாசல்வரை போனேன். அவன் திரும்பிச் சொன்னது இது. “சண்டே டிக்கெட்டில ரெண்டாம் சரணம் வரேக்க கையைக் கிற்றார் கழுத்துப் பக்கம் நீட்டாத. மேல் தந்தியிலேயே வாசி. சின்ன விரலைப் பாவிக்காத.”

ட்ரம்ஸ் அடிப்பவன் எனக்கு விரல் சொல்லித் தருகிறான். வழிநெடுக எனக்கு எரிச்சலாக இருந்தது.

பெப்ரவரி 13, சனி

வீடு. வதனாவிடம் கார்ல்டனை நிறுத்திவிட்ட கதையைச் சொன்னேன். அவள் தோடம்பழம் உரித்து எனக்குச் சுளைசுளையாகத் தந்துகொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

“அவரையோ?”

“ஏன், அவர் இழுக்கிறது உமக்கும் கேட்டதுதானே?”

“எனக்கு உங்கட பாட்டைப்பற்றி என்ன தெரியும்?” என்று எழுந்து போய்விட்டாள்.

பெப்ரவரி 15, திங்கள்

புதிய ட்ரம்ஸ்காரர் டொமினிக் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெரிய பாடகர்களுக்கெல்லாம் வாசித்தவர், கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். கசெட்டுகளைக் கேட்டு எல்லாப் பாட்டையும் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார்.

‘சண்டே டிக்கெட்’டில் தொடங்கினோம். அவர் கதவில் ஆணி அடிப்பதுபோல அடித்தார். ஒவ்வொரு அடியும் அதன் இடத்தில். பெவர்லியின் முகம் மலர்ந்துவிட்டது. முதல் சரணம் எப்படியோ போனது. இரண்டாம் சரணத்தில் நான் விழுந்தேன். நிறுத்தினோம். மறுபடியும் எடுத்தோம். மறுபடியும் விழுந்தேன். மூன்றாம் தடவை அந்த இடத்தில் நான் ஒன்றுமே வாசிக்கவில்லை. கை அங்கே போகவில்லை.

“நீங்கள் கொஞ்சம் ஓடுறீங்கள், அடி முந்தி விழுது” என்றேன் டொமினிக்கிடம்.

அவர் தடிகளை மடியில் வைத்தார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். “எனக்கு முந்தி வாசிச்சவர் உங்களுக்காக நிண்டு நிண்டு வாசிச்சிருக்கிறார். கசெட்டில கேட்டனான். நீங்கள் அடுத்த சுரத்துக்குப் போய்ச் சேருமட்டும் அவர் பொறுத்து நிக்கிறார். நானும் அப்பிடிச் செய்யலாம். ஆனா எங்கெங்க பொறுக்கவேணும் எண்டு நீங்கள் எனக்குச் சொல்லவேணும். அவருக்குப் பாடமா இருந்திருக்கும். எனக்குத் தெரியாது.”

தலைக்கு மேலே ரயில் போனது. அது போய் முடிந்ததும் பேஸைத் தோளிலிருந்து கழற்றினேன்.

பெப்ரவரி 16, செவ்வாய்

மழை. எழுத ஒன்றுமில்லை.

பெப்ரவரி 17, புதன்

டாக்டர் கண்ணை மூடச் சொல்லி என் இடக்கை விரல்களில் ஊசி நுனியால் தொட்டார். எங்கே தொடுகிறேன் என்று சொல்லச் சொன்னார். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். மோதிர விரலையும் சின்ன விரலையும் அவர் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு கழுத்தெலும்புகளுக்கிடையில் நசுங்கியிருக்கலாம் என்றார். என்ன வேலை என்று கேட்டார். இருபது வருடத்துக்கு மேலாக இடது தோளில் ஒரு பாரத்தைத் தொங்கவிடும் வேலை என்று சொன்னேன். ஸ்கான் எடுக்கவேண்டும், நாள் கொடுப்பார்கள். சத்திரசிகிச்சை செய்தால் இதற்குமேல் மோசமாகாமல் தடுக்கலாம். போனது திரும்புமா என்று கேட்டேன். “இவ்வளவு நாள் விட்டிட்டீங்கள்” என்றார்.

வீட்டுக்கு வந்து வதனாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“உமக்குத் தெரியுமோ?”

“பொத்தான் பூட்ட நீங்கள் படுற பாட்டை நான் காணேல்லையோ? சாவியை வலக்கைக்கு மாத்தினதைக் காணேல்லையோ? நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

“எனக்கே தெரியாது, வதனா.”

அவள் என்னைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நான் எழுதியவற்றை இப்போது பின்னுக்குப் புரட்டிப் பார்த்தால் எனக்கே நம்ப முடியவில்லை.

பெப்ரவரி 19, வெள்ளி

காலையில் கற்ஃபோர்டில் கார்ல்டனின் வீட்டுக்குப் போனேன். கார்ல்டன் பின்வளவில் காற்றுக்கு விழுந்த வேலியைத் திருத்திக்கொண்டிருந்தான். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு பலகையை நீட்டி, “பிடி” என்றான். இரண்டு கையாலும் பிடித்தேன். இடப்பக்கம் நழுவியது. அவன் ஒன்றும் பேசாமல் என்னை மறுபக்கம் நிற்கச் சொல்லி, பாரம் வலக்கையில் வரும்படி மாற்றிவிட்டான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஒத்திகை அறையில் வரவில்லை, டாக்டரிடம் வரவில்லை.

அவன் ஆணி அடித்து முடியும்வரை பார்க்காததுபோல நின்றான்.

“எப்ப துவங்கினது?” என்று கேட்டேன்.

“போன கோடையில. பிரைட்டனில. நீ ஒரு சுரத்தை விட்டாய். பிறகு இன்னொண்டு. நான் கொஞ்சம் பொறுத்தன், நீ வந்து சேந்தாய். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் பொறுத்தன்.”

“ஏன்ரா சொல்லேல்ல?”

“முதல்ல உனக்குத் தெரியும் எண்டு நினைச்சன். தெரிஞ்சுகொண்டு நடிக்கிறாய் எண்டு நினைச்சன். சரி, நடிக்கட்டும், ஜப்பான் முடியட்டும் எண்டு விட்டன். நான் நல்லவன் எண்டு நினைச்சிடாத. நீ நிப்பாட்டினா நான் வேற ஆரோடயாவது வாசிக்கவேணும். இந்த வயதில புதுசா ஒருத்தனைப் பழக எனக்கு ஏலாது, மச்சான். அலுப்பு. அவ்வளவுதான்.”

“அண்டைக்குச் சாப்பாட்டு மேசையில சொல்லியிருக்கலாமே. என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம்.”

“உன்ர முகத்தைப் பாத்தன். உனக்கு உண்மையிலேயே தெரியாது எண்டு அப்பதான் விளங்கினது. எல்லாருக்கும் முன்னால அதை எப்பிடிச் சொல்லுறது?”

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

“நீ வாசிக்க ஏலாமல் போனதுக்கு எனக்குக் கோவமில்லை. நான் இழுக்கிறன் எண்டு நினைச்சாய் எல்லோ? அதை என்னட்ட வந்து சொல்லியிருக்கவேணும். ‘கார்ல்டன், நீ இழுக்கிறாய்’ எண்டு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா அண்டைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். ஏட்ரியன் கேக்க நீ ஓம் எண்டாயாம். எனக்கு முதல் ஏட்ரியனிட்டச் சொன்னாய்.”

திரும்பி வா என்று மட்டும் கேட்டேன்.

“ஏட்ரியன் வந்து கேக்கட்டும், யோசிக்கிறன். நீ கேக்கிறதுக்காக வரமாட்டன்.”

தேநீர் தரவில்லை. வேலி முடிந்ததும் நான் வந்துவிட்டேன்.

பெப்ரவரி 20, சனி

ஏட்ரியனையும் பெவர்லியையும் ஒரு கஃபேக்கு வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். இழுத்தது நான் என்று சொல்ல வாய் வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

ஏட்ரியன் வாயிலிருந்து முதலில் வந்தது, “பிரிஸ்டல் வெள்ளிக்கிழமை. பேஸுக்கு நான் எங்க போக?” உடனே கையால் முகத்தை மூடிக்கொண்டான். “மன்னிச்சிடு நேஸ்.”

“நீ கேக்கவேண்டியதைத்தான் கேட்டாய்” என்றேன்.

பெவர்லிதான் வழி சொன்னாள். ஏட்ரியன் இடக்கையால் கீபோர்டிலேயே பேஸ் வாசிக்கலாம். ஆரம்ப காலத்தில் நான் காய்ச்சலில் கிடந்தபோது அப்படிச் செய்திருக்கிறான். ஏட்ரியன் மேசையில் விரல்களால் அடித்துப் பார்த்தான். முடியும் என்று அவன் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்ப்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

“மெதுவான பாட்டு ரெண்டு இருக்கு. அதை நீ வாசிக்கலாம்தானே? ஜப்பான்காரர் உன்னையும் மேடையில பாக்கட்டும்” என்றான்.

வேண்டாம் என்றேன். மெதுவான பாட்டிலும் கார்ல்டன் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அவனை நான் அறிவேன்.

ஏட்ரியன் அங்கிருந்தே கற்ஃபோர்டுக்குப் போனான். இரவு, கார்ல்டன் வருகிறானாம் என்று சொன்னான். டொமினிக்குக்கு நான் தொலைபேசியில் நன்றி சொன்னேன். “உங்கட ட்ரம்ஸ்காரரிட்டை எனக்காக ஒண்டு சொல்லுங்கோ. அந்தப் பொறுக்கிற வேலை, இவ்வளவு காலத்தில நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்ல” என்றார்.

பெப்ரவரி 27, சனி

பிரிஸ்டல் நேற்று.

நான் போகவில்லை என்றுதான் சொல்லியிருந்தேன். வதனா ரயில் டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். “நான் உங்கட பாட்டைக் கேக்கப் போறன். நீங்கள் வந்தா வாங்கோ” என்றாள்.

மண்டபத்தின் பின்பக்கம், கோட் தொங்கவிடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றோம். ஜப்பான் கம்பனியின் ஆள் பக்கவாட்டில் சுவரோடு கைகட்டி நின்றார். கார்ல்டன் மேடைக்கு வந்து இருக்கையின் உயரத்தைத் திருத்தினான். கூட்டத்துக்குள் என்னைத் தேடவில்லை. அவனுக்கு வலப்பக்கம், நான் பதினொரு வருடம் நின்ற இடத்தில், ஒரு மின்விசிறி வைத்திருந்தார்கள்.

அவன் எண்ணிவிட்டு அடித்தான்.

எப்படி எழுதுவது? பூட்டிய வீட்டின் யன்னல்களையெல்லாம் ஒரே நேரத்தில் திறந்ததுபோல. முதல் பாட்டு முடிவதற்குள் முன்வரிசை ஆடத் தொடங்கிவிட்டது. பெவர்லி நீளமான வரியை ஒரே மூச்சில் பாடி, முடிவில் சிரித்தாள். ‘சண்டே டிக்கெட்’ வந்தது. இரண்டாம் சரணம் வரும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் அதைப் படிக்கட்டில் ஓடி இறங்குவதுபோலக் கடந்துபோனார்கள். இத்தனை மாதமும் அவன் தன் கைக்குள் அடக்கி வைத்திருந்த வேகம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு முன்னால் நின்ற பெண் தன் சிநேகிதியிடம் கத்தினாள். “முந்தி பேஸ் வாசிக்க ஒரு இந்தியன் நிண்டவன் எல்லோ?”

“தெரியாது. இப்பிடியே நல்லா இருக்கு” என்றாள் மற்றவள்.

வதனா என் கையைப் பிடித்தாள். இடக்கையை. “ஆடுங்கோவன்” என்றாள்.

“எனக்கு ஆடத் தெரியாது.”

“ஆக்களை ஆட்டுறதுக்கெண்டே இவ்வளவு காலம் வாசிச்சனீங்கள். ஆடத் தெரியாதோ?”

உண்மையில் தெரியாது. எங்கள் பாட்டுக்கு நான் ஒருமுறைகூட ஆடியதில்லை. பேஸ் வாசிப்பவன் ஆடமுடியாது, காலை ஊன்றி நிற்கவேண்டும். நேற்று நான் கோட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று ஆடினேன். அசிங்கமாகத்தான் ஆடியிருப்பேன். வதனா சிரித்துச் சிரித்து என்மேல் சாய்ந்துவிட்டாள். கடைசிப் பாட்டுக்கு முன்னமே முழங்கால் நோகத் தொடங்கியது. சுவரோரமாக நிலத்தில் உட்கார்ந்து மற்றவர்களுடைய சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்டேன்.

மேடைக்குப் பின்னால் போகவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வதனாவிடம் சொன்னேன். நேரம் இருந்தது.

மார்ச் 5, வெள்ளி

ஜப்பான் சரியாம். ஏட்ரியன் தொலைபேசியில் சொன்னான். என் பெயர் அல்பத்தில் இருக்கும், போன வருடம் அதில் வாசித்தது நான்தான் என்றான். நல்லது என்றேன். பிறகு வீடு முழுவதும் தூசிக்கு ஹூவர் பிடித்தேன். மாடிப் படிகளையும் பிடித்தேன்.

மார்ச் 22, திங்கள்

ஸ்கான் எடுத்தார்கள். குழாய்க்குள் படுத்திருக்கும்போது அந்த யந்திரம் தட்டிக்கொண்டே இருந்தது. தாளம் சுத்தம்.

ஏப்ரல் 8, வியாழன்

சத்திரசிகிச்சை ஜூனில். கழுத்தைத் திறந்து நரம்புக்கு இடம் விடுவார்கள். வலி குறையும் என்றார் டாக்டர். எனக்கு வலி இருக்கிறது என்று அவரிடம் நான் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஆனால் இருக்கிறது. விரல்கள் திரும்பிவரும் என்று நம்பி இருக்கவேண்டாம் என்றார்.

வதனாவின் முதலாளி தன் கடைகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்க வான் ஓட்டும் ஆள் தேடுகிறாராம். வான் ஓட்டுவதில் எனக்கு அனுபவம் இருக்கிறது. யோசிக்கிறேன் என்று சொன்னேன்.

ஏப்ரல் 12, திங்கள்

இன்று அவர்கள் பறந்துவிட்டார்கள். விமான நிலையத்துக்கு வரட்டுமா என்று ஏட்ரியனிடம் கேட்டேன், தேவையில்லை என்றான். கார்ல்டன் ஒரு சொல்லும் அனுப்பவில்லை. எதிர்பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 20, செவ்வாய்

காலை ஒன்பது மணிபோல தொலைபேசி அடித்தது. எடுத்தால், கடலுக்கடியிலிருந்து பேசுவதுபோல கார்ல்டன்.

“ஒசாகா. ஒலிச் சோதனை இப்பதான் முடிஞ்சுது” என்றான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. “ஏட்ரியன்ர இடக்கை ஓடுது, மச்சான். மேடைக்கு ஏறினா அவனுக்குப் பதட்டம். நான் பிடிச்சு இழுக்கிறன், நிக்கிறான் இல்லை. ஒவ்வொரு நாளும் நாய்க்குப் பின்னால ஓடுற மாதிரிக் கிடக்கு.”

“சொன்னனியோ அவனிட்ட?”

“முகத்துக்கு நேரச் சொன்னனான். ரெண்டு தடவை.”

தூரத்தில் பெவர்லி யாரோடோ சிரிப்பது கேட்டது.

“நீ எப்ப வாறாய்?” என்றான்.

“கார்ல்டன், ஜூனில ஒப்பரேஷன். விரல் திரும்பி வராது எண்டு டாக்டர் சொல்லிப்போட்டார்.”

“விரலைப்பற்றி நான் கேட்டனானோ? நாங்கள் மே மாதம் வந்திடுவம். புதுப் பாட்டு செய்யவேணும். ஆராவது அறைக்குள்ள இருந்து, ஓடுறவனை ஓடுறாய் எண்டும் இழுக்கிறவனை இழுக்கிறாய் எண்டும் சொல்லவேணும். எனக்குத்தான் முதல்ல சொல்லவேணும். எப்ப வாறாய்?”

“மேயில” என்றேன்.

“சரி” என்று வைத்துவிட்டான்.

வதனா வேலைக்குப் போகக் கோட் போட்டுக்கொண்டு நின்றாள். யார் என்று கேட்டாள். கார்ல்டன் என்றேன்.

“என்னவாம்?”

“ஏட்ரியன் ஓடுறானாம்” என்றேன்.